கொட்டகை இல்லை என்பவருக்கு

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே நிற்கும் ஒரு பழைய மடுவத்தை, அதாவது பெரிய கொட்டிலை, ஊரவர் ‘நாடகக் கொட்டகை’ என்று சொல்லிவருகிறார்கள். அது வெறும் கட்டுக்கதை என்று தீர்ப்பெழுதி அன்பர் ஒருவர் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டிருக்கிறார். ஆதாரம், ஆய்வு, அறிவியல் நோக்கு என்ற சொற்கள் அதில் பந்திக்குப் பந்தி வருகின்றன. ஆதாரமும் ஆய்வும்தான் எங்கும் வரவில்லை. அவருடைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப்போகிறேன். அதற்கு முன் ஒன்று. அந்த மடுவத்தில் நாடகம் நடந்தே தீர்ந்தது என்று சாதிப்பது என் நோக்கமன்று. ஒரு கட்டடத்தின் பழைய வாழ்வு அதன் வளையையும் தூணையும் நிலத்தையும் பார்த்து, தெரிந்தவர்களைக் கேட்டு முடிவு கட்டவேண்டிய விஷயம். நான் சொல்வது இதுதான்: ‘நடந்திருக்கவே முடியாது’ என்று அவர் அடித்துச் சொல்வதற்குக் காட்டும் காரணங்கள் அத்தனையும் உளுத்தவை. அவற்றை அடுக்கியவருக்கு யாழ்ப்பாணத்து நாடகம் எங்கே, எப்படி, யாரால் ஆடப்பட்டது என்பது தெரியாது. தெரிந்திருந்தால், தெரிந்தே மறைக்கிறார்.

முதல் வாதம்: அரங்கு என்றால் மேடை வேண்டும், திரை வேண்டும், பார்ப்போர் இருக்க இருக்கை வேண்டும், ஒளியமைப்பு வேண்டும், மடுவத்தில் இவற்றில் ஒன்றின் சுவடுகூட இல்லை, ஆகவே அது அரங்கில்லை. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இலக்கணத்தை அவர் எங்கிருந்து எடுத்தார்? கொழும்பில் பார்த்த மண்டபங்களை மனத்தில் வைத்துக்கொண்டு அளவெட்டிக்கு அளவுகோல் கொண்டுவருகிறார். தமிழில் அரங்குக்கு அளவு சொன்னவர் இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என்று கணக்காகவே சொல்கிறது. ஒரு கோலுக்குப் பெருவிரல் 24 என்று அளவின் அளவையும் தருகிறது. உள்ளே போக ஒன்றும் வெளியே வர ஒன்றுமாக இரண்டு வாயில், மூன்று வகை எழினி, தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி நிறுத்திய விளக்கு என்று ஒரு தச்சனுக்கும் ஓர் ஒளியமைப்பாளனுக்கும் வேண்டிய அத்தனையும் அங்கே உண்டு. இத்தனை நுணுக்கமாகச் சொல்லப்பட்ட அந்த அரங்குகளில் ஒன்றின் பலகையையாவது இன்று எவராவது தொட்டுக் காட்ட முடியுமா? முடியாது. மரமும் துணியும் மூங்கிலும் மண்ணுக்குத் திரும்பிவிட்டன. அன்பரின் அளவுகோலை அப்படியே பிடித்தால் மாதவி ஆடவில்லை, புகாரில் அரங்கே இருக்கவில்லை என்றும் முடிவு கட்டவேண்டும். அதற்கு அவர் தயாரா?

கொட்டகை நாடகத்துக்கு மேடை என்பது அன்றன்று போடுவது. பீப்பாக்களையோ மரக்குற்றிகளையோ வரிசையாக நிறுத்தி, மேலே பலகை பரப்பி, கயிற்றால் இறுக்கினால் மேடை. சீன் என்று சொல்லப்பட்ட எழுதிய திரைகள் சுருட்டி வண்டிலில் வரும்: அரண்மனை ஒன்று, காடு ஒன்று, தெரு ஒன்று, மயானம் ஒன்று. ஆர்மோனியப் பெட்டி ஒரு வண்டிலில், உடுப்புப் பெட்டிகள் இன்னொன்றில். பார்க்க வந்த சனம் வீட்டிலிருந்து பாயைக் கொண்டுவந்து விரித்து இருந்தது. பெற்றோமக்ஸ் விளக்கு வளையிலே தொங்கியது. விடியப்புறம் மங்களம் பாடியதும் பலகை கழன்றது, சீன் சுருண்டது, விளக்கு இறங்கியது, வண்டில் அடுத்த ஊருக்குப் போனது. மிஞ்சியது என்ன? தூணும் கூரையும் வெறும் நிலமும். எண்பது, தொண்ணூறு வருடம் கழித்து வந்து ‘மேடையைக் காணவில்லையே’ என்று கேட்பது ஆய்வா? உலக நாடகத்தின் பெரிய பெயர்களுக்கும் இதே கதைதான். ஜேம்ஸ் பர்பேஜ் 1576இல் லண்டனில் கட்டிய அரங்கை 1598இல் மரம் மரமாகக் கழற்றிக் கொண்டுபோய்த்தான் 1599இல் குளோப் அரங்கை எழுப்பினார்கள். பழைய இடத்தில் நின்று ‘இங்கே அரங்கு இருந்ததில்லை’ என்று சொன்ன அறிவாளி ஒருவன் அன்றைக்கும் இருந்திருப்பான்.

இரண்டாவது வாதம் இதைவிடத் துணிச்சலானது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் நாடகம் என்றால் அது கோயில் வீதியிலும் வெட்டவெளியிலும் வட்டக்களரியில் ஆடிய கூத்து மட்டுமே. கூரைக்குக் கீழே எவரும் ஆடவில்லை. ஆகவே கொட்டகை என்ற பேச்சுக்கே இடமில்லை என்கிறார். யாழ்ப்பாண நாடக வரலாற்றின் பாதியை ஒரே வசனத்தில் புதைத்துவிட்ட கெட்டித்தனத்தை வேறெங்கும் நான் காணவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் பார்சி நாடகக் கம்பனிகள் இந்தியா முழுவதும் ஓடித் திரிந்தன. அவற்றின் தொங்கு திரையும் ஆர்மோனியமும் தமிழ்நாட்டு நாடகக் குழுக்களைப் பிடித்துக்கொண்டன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அந்த மேடைக்கு வேண்டிய நாடகங்களை எழுதிக் குவித்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடக்கினார். அந்தக் குழுக்கள் கடல் தாண்டி இலங்கைக்கு வந்தன, திரும்பத் திரும்ப வந்தன. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் சேர்ந்து மேடையேறிப் புகழ்பெற்றது கொழும்பில் என்பதைத் தமிழ்நாட்டுச் சினிமா ரசிகனும் அறிவான். யாழ்ப்பாணத்துக்கு வந்த குழுக்களைப் பார்த்து எங்கள் ஊர்க்காரர் கற்றார்கள், பாடினார்கள், தாங்களே சபைகளைக் கூட்டினார்கள். அப்படி வளர்ந்த இசை நாடகத்துக்கு நாடக ஆய்வாளர்களும் ஊர்ச் சனமும் வைத்திருக்கும் இன்னொரு பெயரே கொட்டகைக் கூத்து என்பதுதான். யாழ்ப்பாண நகரத்தில் அந்த நாடகங்கள் நடந்த இடங்கள் எவை? புத்துவாட்டியார் மடுவம், தகரக் கொட்டகை. இரண்டும் பழைய நாடகக்காரர் வாயிலும் நாடக வரலாற்று நூல்களிலும் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள். ஒன்று மடுவம், மற்றது தகரம் வேய்ந்த கொட்டகை. யாழ்ப்பாண நகரத்து அரங்கே மடுவமாக இருந்த காலத்தில், அளவெட்டியில் ஒரு மடுவம் அரங்காக இருந்திருக்க முடியாது என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

கூரை ஏன் வந்தது என்பதை அன்பர் ஒரு கணம் யோசித்திருந்தால் இந்த வாதத்தை எழுதியிருக்கமாட்டார். வெட்டவெளிக் கூத்துக்குச் செலவு செய்தது கோயில் உபயகாரரும் ஊரும். பார்க்க வருபவனிடம் காசு கேட்கவேண்டியதில்லை. கம்பனி நாடகம் டிக்கெற்றில் பிழைத்தது. டிக்கெற் விற்க வேண்டுமானால் நாலு பக்கமும் அடைப்பு வேண்டும், நுழைய ஒரு வாசல் வேண்டும், வாசலில் ஒருவன் வேண்டும். வெட்டவெளியில் எந்த முட்டாள் காசு கொடுப்பான்? எழுதிய திரை காற்றில் நிற்காது; சோளகம் அடிக்கிற வைகாசி, ஆனி மாதத்தில் திறந்த வெளியில் அரண்மனைச் சீனைத் தொங்கவிட்டால் அரண்மனை பறக்கும். ஒலிவாங்கி வராத காலத்தில், ஆயிரம் பேருக்கு நடுவே ராஜபார்ட் எடுத்த உச்சக் குரல் கடைசி வரிசைவரை போய்ச் சேரக் கூரையும் அடைப்பும் உதவின. காசும் காற்றும் குரலும் சேர்ந்து நாடகத்தைக் கொட்டகைக்குள் தள்ளின. இதைப் புரிந்துகொள்ள நாடகப் பட்டப்படிப்பு வேண்டாம். ஒரு சங்கக்கடைக் கணக்குப்பிள்ளைக்கு உள்ள புத்தி போதும்.

போக்குவரத்து இல்லாத உள்ளூருக்கு எந்தக் கம்பனி வரும் என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறார். 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1905இல் கொழும்புவரை பாதை இணைந்தது. மல்லாகமும் தெல்லிப்பளையும் அந்தப் பாதையில் உள்ள நிலையங்கள். அங்கே இறங்கினால் அளவெட்டி ஒரு வண்டிலோட்டத்தில் இருக்கிறது. அன்பர் படம் கீறிக் காட்டும் அந்த ஒதுங்கிய கிராமம் அவருடைய கட்டுரைக்கு வெளியே எங்கும் கிடையாது.

மூன்றாவதாக, ‘எழுத்து ஆவணம் ஒன்றுகூட இல்லை’ என்கிறார். இது அவருடைய பெரிய ஆயுதம்; கட்டுரையில் என்னால் எண்ணிமுடியாத தடவை இதைச் சுழற்றுகிறார். எந்த ஆவணத்தைத் தேடினார்? காணி உறுதிகளைப் பார்த்ததாகச் சொல்கிறார். யாழ்ப்பாணத்துக் காணி உறுதி எதை எழுதும் என்று அதைக் கையால் தொட்ட எவனுக்கும் தெரியும். எல்லை நாலும் எழுதும், வீடு வளவு எழுதும், வான்பயிர் தான்பயிர் எழுதும், கிணற்றில் எத்தனை பங்கு, அந்தக் கிணற்றுக்குப் போகும் வழிவாய்க்கால் பாத்தியதை எவருக்கு என்று எழுதும். அந்த வளவு மடுவத்தில் ஒரு சித்திரை மாதத்து இரவு அரிச்சந்திரன் தன் பிள்ளையின் சவத்துக்குக் காசு கேட்டான் என்று எந்த நொத்தாரிசு எழுதுவான்? உறுதியில் இல்லை என்பதால் நடக்கவில்லை என்றால், அந்த வளவில் ஒரு கலியாணமும் நடக்கவில்லை, ஒரு செத்தவீடும் நடக்கவில்லை, எவரும் சிரிக்கவும் இல்லை.

நாடக நோட்டீஸ் தேடினாராம், கிடைக்கவில்லையாம். மலிந்த நிறத்தாளில் அடித்து, மாட்டு வண்டிலில் பறை தட்டிக்கொண்டு வீசிப் போன நோட்டீசை எந்த வீட்டில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார்கள்? அப்படியும் சேர்த்துவைத்த சிலர் இருந்தார்கள். சில நூலகங்கள் இருந்தன. 1981 மே 31 நள்ளிரவு கடந்து யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்தவை ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும். 1990இல் போரால் வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த துணியோடு எழும்பியது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் ஒருவர்மேல் ஒருவர் நெரிந்து நின்றபோது கையில் வைத்திருந்தது காணி உறுதியும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும், இருந்தவர்களுக்குக் கொஞ்ச நகையும். நாடக நோட்டீஸ் கொண்டுபோகவில்லை என்று அந்தச் சனத்தைக் குற்றம் சொல்லப்போகிறாரா? கடதாசி எரிந்த நாட்டில், கடதாசி இழந்த மனிதரிடம், கடதாசியைக் காட்டு, இல்லாவிட்டால் உன் ஞாபகம் புழுகு என்று சொல்வதில் உள்ள ஈவிரக்கமின்மை அவருக்கு உறைக்கவே இல்லை. ஆவணம் அழிந்தது கதையை மெய்யாக்கிவிடாது, எனக்குத் தெரியும். ஆனால் அழிந்த ஆவணத்தை ‘இல்லாத ஆவணம்’ என்று எழுதுவது பொய். அந்தப் பொய்யின் மேல்தான் அவருடைய முழுக் கட்டுரையும் குந்தியிருக்கிறது.

ஞாபகத்தை மறுக்க அவர் மந்திரிமனையை இழுத்துவருகிறார். நல்லூரில் நிற்கும் அந்தக் கட்டடத்தைச் சங்கிலியன் காலத்து மந்திரியின் மனை என்று சனம் நம்புகிறது. கட்டடத்தின் அமைப்போ அதற்கு மிகப் பிந்தியது. ஆகவே ஊர் நம்பிக்கை எங்கும் பொய் என்பது அவர் முடிவு. முதற் பாதியை நானும் ஏற்கிறேன். அந்த வளைவுகளையும் மரவேலையையும் பார்த்த எவரும் யாழ்ப்பாண இராச்சியக் காலத்தோடு அவற்றை ஒட்டவைக்கமாட்டார். ஆனால் மந்திரிமனை நம்பிக்கைக்கும் கொட்டகை நம்பிக்கைக்கும் இடையில் உள்ள தூரத்தை அன்பர் அளந்தாரா? யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் விழுந்தது 1619இல். நானூறு வருடத்துக்கு முந்திய அரசனைப் பற்றி இன்றைக்குச் சொல்பவன் கேட்டதைக் கேட்டவனிடம் கேட்டுச் சொல்பவன். கொட்டகை நாடகம் 1930களிலும் 40களிலும் 50களிலும் செழித்தது. அதைச் சொல்லும் கிழவி பாயோடு போய் முன்வரிசையில் இருந்தவள், அல்லது இருந்தவளின் மகள். இரண்டையும் ஒரே தராசில் வைப்பவருக்கு வரலாறும் தெரியாது, தராசும் தெரியாது.

அடுத்து, கட்டுரையின் மிக விண்ணாணமான பகுதி: மடுவம் புகையிலை போடக் கட்டியது, வளையிலே கரி படிந்திருக்கிறது, கரி புகையிலைப் புகையில் வந்தது, ஆகவே அங்கே நாடகம் நடக்கவில்லை. நாலு வசனம், அவற்றில் ஒன்றாவது அடுத்ததைத் தாங்கவில்லை. புகையிலை பற்றியாவது தெரிந்துகொண்டு எழுதியிருக்கலாம். யாழ்ப்பாணத்தில் புகையிலைக்குப் புகை போடுவது குடிலில். குடில் சிறியது, தாழ்ந்தது, புகை வெளியேறாதபடி சுற்றி அடைத்தது. உள்ளே பொச்சுமட்டி (தேங்காய் மட்டை) மூட்டிப் புகையை அடைத்துவைத்தால்தான் இலை பதமாகும். முகடு உயர்ந்து, காற்று வீசிப்போகும் மடுவத்தில் புகை போட முயன்றவன் புகையையும் இழப்பான், இலையையும் இழப்பான். மடுவம் இலையைத் தூக்கி உலர்த்தவும், சிப்பம் கட்டவும், வியாபாரி வரும்வரை அடுக்கிவைக்கவும் பயன்பட்டது. அப்படியானால் கரி எங்கிருந்து வந்தது? சமையலில் வந்திருக்கலாம், கோயில் அன்னதானத்தில் வந்திருக்கலாம், இரவிரவாக எரிந்த தீவட்டியிலும் காஸ் விளக்கிலும் வந்திருக்கலாம். கரியை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதே நேர்மையான முடிவு. அவரோ கரியைக் கண்டதும் தீர்ப்பெழுதி முத்திரை குத்திவிட்டார்.

அதைவிட முக்கியமானது, ஒரு கட்டடத்துக்கு ஒரு வேலைதான் இருக்க முடியும் என்று அவர் எடுத்துக்கொண்டது. புகையிலையைச் சிப்பம் கட்டி அனுப்பிவிட்டால் மடுவம் வெறிதாகக் கிடக்கும். சித்திரையிலிருந்து ஆவணிவரை கோயில் திருவிழாக்கள் தொடர்ந்து வரும்; கையில் புகையிலைக் காசு புழங்கும்; ஊருக்கு நாடகக்காரர் வருவார்கள். வெறிதாகக் கிடக்கும் பெரிய கூரையைக் காசுக்கு விடாத தோட்டக்காரன் யாழ்ப்பாணத்தில் பிறந்திருக்கிறானா? சரக்கறையும் அரங்கும் ஒன்றாக இருந்ததற்கு உலகத்தில் சாட்சி தேடினாலும் கிடைக்கும். இங்கிலாந்தின் ரிச்மண்ட் ஊரில் 1788இல் கட்டிய அரங்கு பிறகு ஏலக்கடையாகி, மதுக் கிடங்காகி, தானியக் களஞ்சியமாகி, 1963இல் மறுபடி அரங்காகத் திறக்கப்பட்டது. சுவீடன் நாட்டு ட்ரொட்னிங்ஹோம் அரண்மனை அரங்கு 1766இல் கட்டியது; நூறு வருடத்துக்கு மேல் தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைக்கும் இடமாகக் கிடந்து, 1921இல் ஆக்னே பெயர் என்ற ஆய்வாளர் உள்ளே போய்ப் பார்த்தபோது மேடைப் பொறிகள் அப்படியே இருக்கக் கண்டார். அவரும் எங்கள் அன்பரைப் போல வாசலில் நின்று ‘இது சாமான் அறை’ என்று எழுதிவிட்டுத் திரும்பியிருந்தால் ஐரோப்பா தன் அருமையான அரங்குகளில் ஒன்றை இழந்திருக்கும். அவர் உள்ளே போனார். அன்பர் மடுவத்துக்குள் போனாரா? வளைக் கரியைத் தவிர, அவருடைய கட்டுரையில் வெளிப்பக்கத்து வர்ணனை மட்டுமே இருக்கிறது.

‘அளவெட்டி நாதஸ்வர ஊர், நாடக ஊரில்லை’ என்ற வசனத்தையும் விட்டுவைக்க மனமில்லை, ஏனென்றால் இந்த ஊரையும் இந்தக் கலைகளையும் ஒருசேர அறியாதவர்தான் அதை எழுத முடியும். என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும், இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தெட்சணாமூர்த்தியின் தவிலையும் கேட்டு வளர்ந்த ஊர் இது. இசை நாடகம் இசைக் குடும்பங்களின் தோளில் நின்ற கலை. ஆர்மோனியக்காரன் எங்கிருந்து வந்தான், மிருதங்கக்காரன் எங்கிருந்து வந்தான், ராகத்தில் வித்துவானையே மடக்கும் ரசிகன் எங்கிருந்து வந்தான்? நகரத்து மடுவத்தின் பெயரிலேயே புத்துவாட்டியார் என்ற இசைப் பரம்பரையின் பெயர் இருக்கிறதே! இரவு முழுக்கத் தோடியையும் கரகரப்பிரியாவையும் கேட்டுச் சலிக்காத காது இருக்கும் ஊருக்குத்தான் நாடகக்காரன் முதலில் வருவான். இன்னொன்றையும் அன்பர் மறந்தார், அல்லது மறக்க விரும்பினார். து. உருத்திரமூர்த்தி என்ற மகாகவி (1927–1971) இந்த ஊர்ப் பிள்ளை. ஈழத்தின் பா நாடகத்தை நிமிர்த்தியவர். அவருடைய ‘கோடை’ எந்த வீட்டில் நடக்கிறது? ஒரு நாதஸ்வர வித்துவானின் வீட்டில். நாதஸ்வரத்தையும் நாடகத்தையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்த ஊரைப் பார்த்து, நாதஸ்வரம் உண்டு, நாடகம் இல்லை என்று பிரித்துக் கொடுக்க இவர் யார்?

இதுவரை நாடகம் நடக்கவே இல்லை என்று சாதித்த அன்பர், கட்டுரையின் கடைசிப் பகுதியில் திடீரென்று வேறு பக்கம் திரும்புகிறார். அப்படி நடந்திருந்தாலும் அது தென்னிந்தியச் சரக்கு, இரவல் மெட்டு, பபூன் கூத்து, ஆண்கள் சேலை கட்டிய ஆட்டம். பேணத் தக்க கலை இல்லை என்கிறார். நல்லது. நடக்காத நாடகத்தின் தரம் அவருக்கு எப்படித் தெரிந்தது? இல்லாத மேடையில் இல்லாத பபூன் அடித்த பகிடி இவ்வளவு ஆத்திரத்தை எழுப்புமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; இவர் ஒரே மூச்சில் கூடமே இல்லை என்கிறார், கூடம் கோணல் என்றும் சொல்கிறார். இந்த இடத்தில்தான் முழுக் கட்டுரையின் உள்நோக்கம் வெளிச்சத்துக்கு வருகிறது. அவருக்குக் கொட்டகை இருந்ததா இல்லையா என்பதில் அக்கறை இல்லை. இருந்திருக்கக் கூடாது என்பதிலேயே அக்கறை.

அந்த வெறுப்பு இன்றைக்கு முளைத்ததுமில்லை. மிஷனரிமார் கூத்தையும் நாடகத்தையும் அஞ்ஞானிகளின் கேளிக்கை என்றார்கள். அவர்களோடு எல்லாவற்றிலும் மோதிய சைவச் சீர்திருத்தக்காரரும் இந்த ஒன்றில் அவர்கள் பக்கத்தில்தான் நின்றார்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் வழியில் 1913இல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையை நிறுவிய கலையரசு சொர்ணலிங்கம் போன்றோர் நாடகத்துக்குப் படித்த சமூகத்தில் மரியாதை தேடித் தந்தார்கள். பெரிய தொண்டு அது, நான் வணங்குகிறேன். ஆனால் அந்த மரியாதை சபைக்காரருக்குக் கிடைத்தது, கொட்டகைக்காரனுக்குக் கிடைக்கவில்லை. சபைக்காரர் சுயசரிதை எழுதினார்கள், மலர் வெளியிட்டார்கள். கொட்டகைக்காரன் பகலில் தோட்டம் கொத்தினான், கள் இறக்கினான், சலூனில் வேலை செய்தான். இரவில் ராஜா வேஷம் கட்டினான். எழுதிவைக்க அவனுக்கு நேரமும் இல்லை, கேட்பாரும் இல்லை. காங்கேசன்துறையில் பிறந்த வி. வி. வைரமுத்து (1924–1989) வசந்த கான சபாவோடு ஊரூராகப் போய் மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான இரவுகள் பாடினார். அவருடைய அரிச்சந்திரனைப் பார்த்து அழாத வீடு வடக்கில் அரிது. அப்படிப்பட்டவர் பாடிய நாடகத்தை ஒரு தலைமுறைக்குப் பிறகு வந்து ‘இரவல் சரக்கு’ என்று எழுதும் பேனாவுக்குப் பின்னால் எந்த யாழ்ப்பாணம் இருக்கிறது என்று யாழ்ப்பாணத்து வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. இராச்சியம், கோயில், கல்லூரி என்று அவர் போடும் மரபுரிமைப் பட்டியலில் வேஷம் கட்டியவனுக்கு இடமில்லை. இடம் கேட்டு மடுவம் நிற்கிறது. ஆகவே மடுவம் பொய்யாக வேண்டும்.

‘இரவல்’ என்ற குற்றச்சாட்டு தனியே எடுத்தாலும் நிற்காது. கொழும்பில் 1911இல் திறந்த டவர் மண்டபத்தில் சிங்கள மக்கள் கொண்டாடிய நூர்த்தி நாடகமும் பார்சி நாடகத்தின் வழியில் வந்ததுதான். அவர்கள் அதைத் தங்கள் நாடக வரலாற்றின் வாசல் என்று பெருமையோடு பேணுகிறார்கள். நாங்கள் மட்டும் எங்கள் பாட்டன் பாடிய பாட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்கவேண்டுமா? வந்த மெட்டை யாழ்ப்பாணத்துக் குரலில், யாழ்ப்பாணத்துச் சபைக்கு, யாழ்ப்பாணத்துச் சிரிப்போடு நூறு வருடம் பாடிய பிறகும் அது இரவல் என்றால், தமிழர் பாடும் எந்த இசை இரவல் இல்லாதது?

கடைசியாகக் காசு. ஊரவர் மரபுரிமைப் பணத்துக்கு ஆசைப்பட்டுக் கதை கட்டுகிறார்கள் என்று நச்சுத் துளி ஒன்றையும் விட்டுப்போயிருக்கிறார். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைத்தான் அது பழைய சின்னம் என்று கொள்கிறது. பிந்தியவற்றுக்குத் தனியாக அறிவித்தல் வரவேண்டும். இருபதாம் நூற்றாண்டு மடுவத்துக்கு எந்தத் திணைக்களம் காசுப் பையோடு காத்திருக்கிறது? பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று பெயர் வந்தால் அனுமதியில்லாமல் உடைக்க முடியாது, புதுவீடு கட்ட முடியாது, காணியை நல்ல விலைக்கு விற்று வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்குக் காசு அனுப்புவதும் கடினம். கதையால் நட்டப்படப்போகிறவர்களே அந்தக் கதையைச் சொல்கிறார்கள். அவர்களைக் காசுக்குப் பொய் சொல்பவர்கள் என்று எழுதியதற்கு அன்பர் அந்த ஊரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

செய்யவேண்டியது அவ்வளவு கடினமும் இல்லை. ஏணி ஒன்று, அளவு நாடா ஒன்று, நல்ல வெளிச்சம். தீராந்தியில் கயிறு ஓடித் தேய்ந்த தடம் இருக்கிறதா, கப்பி பூட்டிய ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பாரமான சீன் ஏறி இறங்கிய மரம் தடத்தைக் காட்டும். ஒரு பக்கத்தில் மட்டும் தூணுக்குத் தூண் இடைவெளி கூடியிருக்கிறதா, நடுத்தூண் ஒன்றைத் தவிர்த்திருக்கிறார்களா என்று அளக்கவேண்டும். புகையிலைக்கு அந்த இடைவெளி தேவையில்லை, பார்ப்பவன் கண்ணுக்குத்தான் தேவை. அதே பக்கத்தில் பின்னால் ஒரு சிறு வாசல் அடைத்த தடம் உண்டா, நிலம் இறுகி உயர்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கவேண்டும். பிறகு மல்லாகம், தெல்லிப்பளை, மாவிட்டபுரம் பக்கங்களில் இன்னும் உயிரோடிருக்கும் பழைய ஆர்மோனியக்காரரையும் வேஷக்காரரையும் தனித்தனியாகக் கண்டு, ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்லாமல், எந்த வருடம், எந்த நாடகம், வாசல் எந்தப் பக்கம், சீன் எவருடையது என்று கேட்டுப் பதியவேண்டும். பதில்கள் ஒத்துவராவிட்டால், தீராந்தியில் தடம் இல்லாவிட்டால், அது வெறும் புகையிலை மடுவம் என்று முதலில் எழுதுபவன் நானாக இருப்பேன். இதில் ஒன்றைக்கூடச் செய்யாமல் ஓர் ஊரின் வாயைப் பொத்த எழுதிய அந்தக் கட்டுரையை அன்பர் திரும்பப் பெறட்டும்; பெற மனமில்லாவிட்டால், அடுத்த மாரிக்குக் கூரை விழுமுன் ஏணியோடு அளவெட்டிக்கு வரட்டும்.